18-க்கும் 21-க்கும் இடையில்: மாணவர் தொழில்முனைவும் இந்திய நிறுவனச் சட்டமும்

மாணவர்களைத் தொழில் தொடங்கத் தூண்டும் முயற்சி இந்தியாவில் சட்டத்தை விடக் கல்லூரி வளாகத்தில்தான் முதலில் வேர்விட்டது. 1982-இல் ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை இதற்கென ஒரு தேசிய வாரியத்தை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1986-இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியிலும், 1998-இல் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழில்முனைவோர் பூங்காக்கள் உருவாயின. இடம், இயந்திரம், வழிகாட்டல் எல்லாம் அங்கே கிடைத்தன.

சட்டமோ எதிர்த்திசையில் நகர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு இரண்டு உறுப்பினர்களாவது வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு மேல், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் செலுத்திய மூலதனம் இருக்க வேண்டும் என்றது. கல்விக் கடனில் படிக்கும் பிள்ளைக்கு அது சிறிய தொகை அல்ல.

2005-இல் ஜே.ஜே. இரானி குழு ஒருநபர் நிறுவனத்தைப் பரிந்துரைத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது. 2015-இல் குறைந்தபட்ச மூலதன நிபந்தனை நீக்கப்பட்டது. 2018-இல் பத்து லட்சம் ரூபாய் வரை அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் உள்ள நிறுவனங்களுக்குப் பதிவுக் கட்டணமும் போயிற்று.

2016 ஜனவரி 16 அன்று தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தோடு வந்த வருமான வரி விலக்கு அதிகம் பேசப்பட்டது. லாபமே காணாத மாணவர் நிறுவனத்துக்கு அதனால் பெரும்பயன் இல்லை என்பது என் கருத்து. அதைவிட முக்கியமானது ஏஞ்சல் வரியின் முடிவு. பங்கின் நியாய மதிப்புக்கு மேல் பெற்ற முதலீட்டை 2012 முதல் வருமானமாகக் கருதி வரி விதித்தார்கள். கையில் யோசனை மட்டுமே உள்ளவர்களின் பங்குக்கு எந்த விலை வைத்தாலும் அது மிகையாகவே தோன்றும். 2016-க்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற புத்தொழில்களுக்குச் சலுகைகள் வந்தன. வரியே ஒழிந்தது 2024-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில்தான்.

பணத்தடைகள் இவ்வாறு தளர்ந்தபோதும் மாணவரின் நேரம் கல்லூரியின் பிடியில்தான் இருந்தது. இதைக் கூர்மையாக உணர்ந்த மாநிலம் கேரளம். தொழில் நடத்தும் மாணவர்களுக்கு 20 விழுக்காடு வருகைப்பதிவுச் சலுகையும் 4 விழுக்காடு கருணை மதிப்பெண்ணும் தர அது முன்வந்தது. நாடாளுமன்றச் சட்டங்கள் தொடாத இடத்தை ஒரு மாநில நிர்வாக முடிவு தொட்டது. 2019-இல் ஒன்றியக் கல்வித் துறை வெளியிட்ட தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கை இன்னும் விரிந்தது: படிப்பை இடையில் நிறுத்தித் தொழிலைக் கவனிக்கலாம், கல்லூரி முகவரியிலேயே நிறுவனத்தைப் பதியலாம், தொழில்முனைவுக்கு மதிப்பெண் தகுதியும் பெறலாம். ஆயினும் அது வழிகாட்டுக் கொள்கைதான். ஏற்பதும் விடுவதும் ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம்.

ஒருநபர் நிறுவனத்தை அனுமதித்த அதே 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முரண்பாடும் உண்டு. 18 வயது நிரம்பியவர் ஒப்பந்தம் செய்யலாம், பங்கு வைத்திருக்கலாம், இயக்குநராகலாம். ஆனால் 196(3)-ஆம் பிரிவுப்படி, 21 வயதுக்கு உட்பட்டவரை எந்த நிறுவனமும் நிர்வாக இயக்குநராகவோ, முழுநேர இயக்குநராகவோ, மேலாளராகவோ நியமிக்கக் கூடாது. பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். இளநிலைப் பட்டத்துக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக்காரர்களே. கொள்கையை நம்பி ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு வரும் 19 வயது மாணவி, தான் தொடங்கிய நிறுவனத்துக்கே முழுநேர இயக்குநராகப் பணியாற்றச் சட்டம் இடம் தரவில்லை. நிர்வாக இயக்குநர் பதவியை நிரப்ப வேண்டுமென்றால் வேறொருவரை அமர்த்த நேரும்; அவர் தந்தையாகவோ அண்ணனாகவோ இருக்கலாம்.

அனுபவமற்றவர்களிடமிருந்து பொதுமக்களின் பணத்தைக் காப்பது இத்தகைய வயது வரம்புக்கான நியாயமாகலாம். பொதுமக்களிடம் பங்கு விற்காத சிறு நிறுவனத்துக்கு அந்த நியாயம் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அதே பிரிவு 70 வயதை எட்டியவர்களுக்கும் தடை விதிக்கிறது. ஆனால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தோடு அவர்களை நியமிக்க வழிவிடுகிறது. 21 நிரம்பாதவர்களுக்கு அந்த வழி திறக்கப்படவில்லை. திருத்தம் தேவைப்படுவது அந்த ஒரு விதிவிலக்கு வாசகத்தில்தான்.