சுமத்ரா: ஒரு துறைமுகத்தின் பெயர் தீவின் பெயரான கதை

முதலாம் இராசேந்திர சோழன் 'சுமத்ராவை வென்றான்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவனது மெய்க்கீர்த்தியில் அப்படி ஒரு பெயரே இல்லை. கடாரப் படையெடுப்பைக் கூறும் பகுதியில் ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம் என்று தனித்தனி ஊர்களே வருகின்றன. இந்நான்கும் இன்று ஒரே தீவிற்குள் அடங்குபவை. கி.பி. 1025 அளவில் அவற்றை ஒரு தீவாகச் சேர்த்துச் சொல்லும் தேவை சோழர் அவைப் புலவருக்கு இருக்கவில்லை.

காரணம் நிலவியலில் இருக்கிறது. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 1,700 கி.மீ. நீளும் இத்தீவை நிலநடுக்கோடு நடுவே கடக்கிறது. மேற்குக் கரையை ஒட்டியே புக்கிட் பாரிசான் மலைத்தொடர் செல்கிறது. அதில் கெரிஞ்சி எரிமலை 3,805 மீட்டர் உயரம். எனவே மூசி, பத்தாங்காரி போன்ற பேராறுகள் கிழக்கு நோக்கியே பாய்ந்து, சதுப்புகளைக் கடந்து கடலில் சேர்கின்றன. அரசுகள் ஆற்றங்கரைகளில் எழுந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே காடும் சேறும். வணிகன் கண்டது தான் இறங்கிய துறையை மட்டுமே. வடமொழியாளர் வழங்கிய 'சுவர்ணத்வீபம்' கூட எல்லை வரையறுத்த பெயரன்று. பொன் விளையும் கீழ்த்திசையைப் பொதுவாகச் சுட்டியது.

மேற்குக் கரையில் விதிவிலக்காகச் சிறந்தது பாரூஸ். அதன் கற்பூரத்தை அரபு வணிகர் 'பன்சூரி' என்றனர். மலாய் மொழியில் இன்றும் அது 'காப்பூர் பாரூஸ்'. அங்கே லோபு துவாவில் கிடைத்த, சக ஆண்டு 1010க்கு (கி.பி. 1088) உரிய தமிழ்க் கல்வெட்டு அவ்வூரை 'வரோசு' என்கிறது. அதை வெட்டுவித்தோர் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். படையெடுப்பின் புகழ் மறைத்துவிட்ட இக்கல்லே, தமிழர் அத்தீவில் என்ன செய்தனர் என்பதற்கு மேலான சான்று.

இன்றைய பெயர் வடமுனையருகே இருந்த 'சமுத்ரா' என்ற துறையிலிருந்து வந்தது. 1292 அளவில் காற்றுக்காக ஐந்து மாதம் அங்கே தங்கிய மார்க்கோ போலோவுக்கு அது ஒரு சிற்றரசு மட்டுமே. தீவை அவர் 'சிறிய ஜாவா' என்றார். 1345-46இல் வந்த இப்னு பதூதாவும் நகரை 'சுமுத்ரா' என்றும் தீவை 'ஜாவா' என்றும் குறித்தார். அடுத்த நூற்றாண்டில் வெனிசு வணிகர் நிக்கோலோ கோன்டி இப்பெயரைத் தீவுக்கே வழங்கியதோடு, இதுவே பழைய 'தப்ரபேன்' என்றும் சொல்லிவிட்டார். இலங்கைக்குரிய பெயர் இப்படி இடம் மாறி, ஐரோப்பிய நிலப்படங்களை நெடுங்காலம் குழப்பியது.

போர்த்துகீசியர் வந்த பின் தீவின் பெயராக 'சமாத்ரா' நிலைத்தது. அதற்குள் அத்துறையின் வணிகம் அண்டையிலிருந்த பசாயின் பெயரால் அறியப்படலாயிற்று.