வரைவித்தவரும் வரைந்தவரும்: ஒரு தேன்சிட்டின் பெயர் வரலாறு

சர்க்கரைநீர்க் கலம் தேடிவரும் ஹம்மிங் பறவையை வீட்டுத் தோட்டத்தில் படமெடுத்தல் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயலும். அப்பறவை வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியின் கொல்லைப்புறத்தில் அவ்வாய்ப்பைத் தருவது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த தேன்சிட்டு. கலத்தின் இடத்தில் இங்குச் செம்பருத்தி நிற்கிறது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும், நீண்டு வளைந்த அலகுடைய லோட்டன் தேன்சிட்டின் பெயர் டச்சுக் காலத்தை நினைவூட்டுவது. 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர் வசம் இருந்தது. மலபார் ஆளுநர் வான் ரீடே தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 இல் வெளிவரத் தொடங்கியபோது, மூலிகை அறிவை வழங்கிய இட்டி அச்சுதனின் சான்றுரை அவர் பெயருடனேயே முதல் தொகுதியில் அச்சேறியது.

பறவையின் பெயரில் அந்நேர்மை வாய்க்கவில்லை. 1752 முதல் 1757 வரை இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன், பீட்டர் கோர்னெலிஸ் டி பெவரே என்னும் ஓவியரைக் கொண்டு அத்தீவின் பறவைகளை வரைவித்தார். 1766 இல் லின்னேயஸ் இச்சிட்டுக்குச் சூட்டியது ஆளுநரின் பெயரையே. வரைவித்தவர் நிலைத்தார், வரைந்தவர் மறக்கப்பட்டார்.

இன்று நிழற்படத்தின் கீழ் எடுத்தவரின் பெயர் இடம்பெறுகிறது. அப்பறவையின் அறிவியற்பெயரை எழுதுமிடத்தில் டி பெவரேயையும் நினைவுகூர்தல், வரலாறு செலுத்தத் தவறிய கடனைத் தீர்ப்பதாகும்.