கலைத்த சீட்டுக்குக் கணக்கில்லை

1979 தீபாவளி இரவு. பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் கடைவீட்டின் முன்கூடத்தில் பாய் விரித்து ஐந்து பேர் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதினான்கு வயது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் சாக்கில் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அன்று பெரியப்பா ஆடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு கட்டுச் சீட்டு, ஆளுக்குப் பதின்மூன்று, ஒரு பாயிண்டுக்கு ஒரு காசு. அத்தான் திடீரென்று "ஷோ!" என்று ஒரு சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கையை விரித்தார். ஆட்டீன் ஐந்து, ஆறு, ஏழு ஒரிஜினல் ரம்மி. அதன் பக்கத்தில் இஸ்பேடு வரிசை. பிறகு மூன்று ராணி, மூன்று எட்டு. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருந்த சின்ன மாமா, வயிற்றெரிச்சலில் தன் கையிலிருந்த பதின்மூன்றையும் நடுவில் கிடந்த குவியலில் வீசிக் கலைத்துவிட்டார். அப்போதுதான் அக்கா குனிந்து பார்த்தாள். "அத்தான், அந்த ஆறு ஆட்டீன் இல்லையே, டைமன்."

குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு சிவப்பும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அத்தான் வேண்டுமென்று செய்யவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் சண்டை வந்தது. தப்பாக ஷோ காட்டியவர் ஒதுங்கிக்கொள்ள, மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடர்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மாமாவின் சீட்டுகளோ குவியலோடு குவியலாகிவிட்டன. எது அவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. "அவர் ஷோன்னு சொன்னதாலதானே கலைச்சேன்?" என்று மாமா கத்தினார்.

எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் யாரையும் கேள்வி கேட்கவில்லை. விரித்து வைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, உதடு அசையாமல் எண்ணினார். பிறகு சொன்னார்: "மாப்பிள்ளை எண்பது குடுக்கணும். வாயைத் திறந்து ஷோன்னு சொல்லியாச்சு. தம்பி, உன் சீட்டைக் காப்பாத்தற பொறுப்பு உன்னுடையது. சரிபார்க்கறதுக்கு முன்னாடி ஏன் கலைச்சே? கலைச்ச சீட்டுக்குக் கணக்கில்லை. ஆனா நீ ஏமாந்து கலைச்சே. நடுவில விலகறவனுக்கு உள்ள நடு ஸ்கூட்டு நாற்பதைக் குடு. மத்த மூணு பேரும் ஆடுங்க."

மாமா எழுந்து ஐந்தடி நடைபாதைக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அந்த ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடும்போது, பெரியப்பா கையசைத்து மாமாவின் காலியிடத்துக்கும் பதின்மூன்று சீட்டுப் போடச் சொன்னார். அவை கவிழ்ந்தபடி கிடந்தன. யாரும் தொடவில்லை. மாமா சிகரெட்டை முடித்துவிட்டு உள்ளே வந்து, பேசாமல் உட்கார்ந்து, அவற்றை எடுத்துக்கொண்டார்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். அப்படித் தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் வீட்டுக்குள்ளேயே ஏன் தேவைப்பட்டார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்குப் பினாங்கின் பழைய கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றியபோது இங்கே நீதிமன்றமும் கிடையாது, எழுதிய சட்டமும் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்தாரின் சில்லறைத் தகராறையும் அந்தந்தக் கூட்டத்துப் பெரியவரே, அதாவது கப்பித்தானே, தீர்த்துவைத்தார். சீனர்களுக்கு 1787இல் கோ லே ஹுவான் கப்பித்தான் ஆனார். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்களுக்குக் காதர் முகைதீன் மரைக்காயர் கப்பித்தானாக இருந்தார். 1801இல் எழுந்த கப்பித்தான் பள்ளிவாசல் இன்றும் அவர் பதவிப்பெயரைத்தான் சுமக்கிறது. 1807இல் லண்டனிலிருந்து அரச சாசனம் வந்த பிறகே பினாங்குக்கு முறையான நீதிமன்றம் கிடைத்தது. சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் நீதிபதியாக வந்து அமர்ந்தார்.

அந்தக் காலத்தில் சூதாட்டம் குற்றமாக இல்லை, அரசாங்கத்துக்கு வருமானமாக இருந்தது. அபினுக்கும் சாராயத்துக்கும் குத்தகை விட்ட மாதிரி சூதாட்ட விடுதிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு குத்தகை விட்டது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1823இல் அவற்றைத் தடை செய்தார். அவருக்குப் பின் வந்த கிராஃபர்ட் குத்தகையை மறுபடி திறந்தார். 1829இல்தான் அங்கே அந்தக் கதவு அடைபட்டது. கூலிக்காரன் வியர்வைக் காசை அரசாங்கமே விடுதி வாசலில் பிடுங்கிக்கொண்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிறகு சட்டம் முற்றிலும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அங்கே 30ஆம் பிரிவு, இங்கே 31ஆம் பிரிவு: பந்தயம் கட்டிச் செய்த ஒப்பந்தம் செல்லாது. 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 26ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பொதுச் சூதாட்ட விடுதிகளை ஒழிக்க 1953இல் ஒரு தனிச் சட்டமும் வந்தது. ஆக, பாயில் உட்கார்ந்து ஆடிய ஆட்டத்தில் எண்பது காசோ எண்பது வெள்ளியோ வரவேண்டியிருந்தால் எந்தக் கோர்ட்டுப் படியையும் மிதிக்க முடியாது. வேண்டியவர்களுக்குள் விளையாடும் ஆட்டத்தின் வழக்கு அந்தப் பாயிலேயே தீர்ந்தாக வேண்டும். கப்பித்தான்கள் ஒரு காலத்தில் செய்த வேலை முன்கூடத்துப் பெரியப்பாக்களிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

எங்கள் பெரியப்பா வெல்ட் கீ பக்கம் கணக்குக் கிராணியாக வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து தொங்காங் படகில் இறங்கி வரும் மூட்டையை ஐந்தைந்து கோடாகப் போட்டு எண்ணுவதுதான் வேலை. கப்பல் தரப்பில் ஒரு கிராணி, கரைத் தரப்பில் ஒரு கிராணி. இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் மூட்டை கிடங்குக்குள் போவதற்கு முன்பே தகராறு தீர்ந்தாக வேண்டும். உள்ளே போய் மற்ற மூட்டையோடு கலந்துவிட்டால் அப்புறம் யார் எண்ணினாலும் பிரயோசனமில்லை. சீட்டிலும் அவர் பார்த்தது அதைத்தான். கலையாமல் கிடக்கும்வரை சீட்டு சாட்சி. கலைந்துவிட்டால் வெறும் அட்டை.

அவருக்கு வேறு சில விதிகளும் இருந்தன. தீர்ப்புச் சொல்பவர் அந்த ஆட்டத்தில் கை வைத்திருக்கக் கூடாது. வெளியாள் பாயில் உட்காரக் கூடாது. வீட்டுக்கென்று நடுப்பணத்திலிருந்து ஒரு காசுகூட எடுக்கக் கூடாது. எடுத்தால் அது வீடு இல்லை, விடுதி என்பார். ஒரு பாயிண்டுக்கு ஒரு காசுக்கு மேல் எந்தத் தீபாவளிக்கும் ஏறவில்லை. திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அந்தப் பத்துக் குறளும் அவருக்கு மனப்பாடம். குடும்பங்கள் சீட்டில் அழிந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அதனால்தான் அந்த வரம்பு.

எங்களுக்கு அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி தன் தோழிகளோடு செக்கி ஆடுவார். ஒல்லியாக, நீளமாக இருக்கும் சீட்டுகள். அங்கேயும் ஆடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிதான் கடைசிச் சொல் சொல்வார்.

ஆட்டத்துக்கு விதியும் தீர்ப்பும் வகுத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதென்று சொல்ல மாட்டேன். லண்டனில் எட்மண்ட் ஹாயில் என்பவர் 1742இல் விஸ்ட் ஆட்டத்துக்கு ஒரு சிறு நூல் எழுதினார். இன்றைக்கும் ஆங்கிலத்தில் முறைப்படி நடப்பதைச் சொல்ல அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். போக்கருக்கோ வெகுகாலம் வாய்மொழி விதிதான். 1870களில் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ராபர்ட் ஷெங்க், தன்னை விருந்துக்கு அழைத்த வீட்டம்மாவுக்காக அதன் விதிகளை எழுதிக் கொடுத்தார், அது அச்சாகிப் பரவியது. இந்தியாவில் ரம்மி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதை வைத்து எதைத் தள்ளுவதென்று முடிவு செய்யவும் திறமை வேண்டும், ஆகவே மூணு சீட்டைப் போல ரம்மியை வெறும் அதிர்ஷ்ட ஆட்டமென்று தள்ளிவிட முடியாது என்று 1967இல் தீர்ப்பு வந்தது. பெரியப்பா பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாராம். பெரியம்மா சொல்லுவார்.

போக்கர் எங்கள் வீட்டுக்குள் வந்தது தம்பி மூலம். பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு ஷிஃப்ட் வேலை. 1986இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் நண்பர்களை அழைத்துவந்தான். வெளியாள் கூடாது என்ற விதிக்காக, பெரியப்பாவிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தான். ஐந்து சீட்டுப் போக்கர், தீக்குச்சிதான் பணம்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். தம்பி சீட்டைத் திருப்பிப் போட்டு "ரெண்டு நாலு, அவ்வளவுதான்" என்றான். எதிரே இருந்த சீன நண்பர் மூன்று ஒன்பதைக் காட்டி, தீக்குச்சிகளைத் தன் பக்கம் இழுக்கக் கை நீட்டினார். நீட்டிய கையை அவரே நிறுத்தினார். தம்பியின் சீட்டை உற்றுப் பார்த்தார். நாலு ஒன்றுதான் இருந்தது. இன்னொரு நாலென்று தம்பி நினைத்தது கிளாவர் ஏஸ். ஐந்தும் கிளாவர், ஃபிளஷ். "உன்னுடையதுதான் பெரிசு" என்று தீக்குச்சிகளைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டார் அந்த நண்பர்.

சாய்வு நாற்காலியில் இருந்த பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். "அவன்தான் வாயால ஜோடின்னு சொல்லிட்டானே? எங்க ஆட்டத்துல சொன்னா சொன்னதுதான்." போக்கரில் சீட்டுதான் பேசும், வாய் பேசாது என்று நண்பர் மலாயில் விளக்கினார். சீட்டு விரிந்து கிடக்கும்வரை யார் வேண்டுமானாலும் தப்பைச் சுட்டிக்காட்டலாம், அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். இரவுச் சாப்பாட்டின்போதுதான் பதில் சொன்னார். ரம்மியில் ஒருவன் ஷோ என்றால் ஆட்டம் நிற்கிறது, மற்றவர்கள் கையை விரிக்கிறார்கள், கலைக்கிறார்கள். அவன் சொல்லால் அடுத்தவனுக்கு நஷ்டம் வருகிறது. ஆகவே சொல்லுக்கு அபராதம் உண்டு. போக்கரில் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது எல்லாருடைய பணமும் ஏற்கெனவே நடுவில் கிடக்கிறது. தப்பாகச் சொன்னவன் யாருக்கும் நஷ்டம் உண்டாக்கவில்லை. ஆகவே சீட்டைப் பார்த்தால் போதும். "ரெண்டு விதியும் சரி" என்று சொல்லி ரசம் ஊற்றிக்கொண்டார்.

நான் பிறகு எத்தனையோ தகராறுகளை, சீட்டில்லாத தகராறுகளையும்கூட, இந்த ஒரு கேள்வியை வைத்தே அளந்திருக்கிறேன்: அவன் சொல்லை நம்பி வேறு யாராவது எதையாவது இழந்தார்களா?

அந்த முன்கூடம் இப்போது எங்களிடம் இல்லை. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த சட்டம் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு முடிந்துபோனது. ஜார்ஜ் டவுனின் உள்வட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாடகை கட்டுப்படியாகாமல் வெளியேறின, நாங்களும் வெளியேறினோம். 2008இல் இந்த நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, அந்தப் பாரம்பரியத்தை நடத்திவந்தவர்களில் பலர் புக்கிட் மெர்தாஜாமிலும் சுங்கை ஆராவிலும் அடுக்குமாடி வீடுகளில் இருந்தார்கள். வீட்டைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் ஓடிய சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை.

இப்போது என் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் ரம்மி ஆடுகிறார்கள். அங்கே தப்பாக ஷோ காட்டினால் இயந்திரமே ஒரு நொடியில் எண்பது போட்டுவிடுகிறது. சீட்டைக் கலைக்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது, கோபித்துக்கொண்டு எழுந்து போனவனுக்குப் பதின்மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்துக் காத்திருக்கவும் முடியாது.

அதனால் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற தீபாவளிக்கு முதல் சீட்டைப் போடுவதற்கு முன், உங்கள் வீட்டு விதிகளை அறிந்த பெரியவரை உட்காரவைத்து அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் ஸ்கூட்டுக்கு எத்தனை, நடு ஸ்கூட்டுக்கு எத்தனை, கலைத்த கைக்கு என்ன கணக்கு, கடைசிச் சொல் யாருடையது. எங்கள் வீட்டு நோட்டில் இதுவரை பதினொரு விதி ஏறியிருக்கிறது. சின்ன மாமாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. மீதியை அவர்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.