வன்னிக் காடும் வழிப்பொதியும்

நெடுவழி நடப்போன் பொதியைக் கட்டுமுன் வானத்தை நோக்குதல் வேண்டும். எக்காலத்தில் எந்நிலத்தைக் கடக்கப் போகின்றோம் என்பதை அறியாதவன் கட்டும் பொதி அவனுக்குப் பாரமாகுமேயன்றித் துணையாகாது. இவ்வுண்மையை விளக்கும் சான்றொன்று வன்னியின் வரலாற்றிலேயே உண்டு. 1679ஆம் ஆண்டு அருவி ஆற்றின் கரைவழியே நடந்து விடுதலை பெற்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் சுமந்து சென்ற பொதியே அச்சான்றாகும்.

நொக்ஸ் இலங்கையிற் சிறைப்பட நேர்ந்ததற்கும் பருவகாலமே காரணமாயிற்று. 1659ஆம் ஆண்டு நவம்பரில் சோழமண்டலக் கரையில் வீசிய புயலில், அவன் தந்தை தலைவராயிருந்த கப்பல் சிக்கியது. கப்பலைக் காக்கும்பொருட்டு நடுப்பாய்மரத்தையே வெட்டி வீழ்த்தினர். புதிய பாய்மரம் அமைத்தற்காகத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிற்கு வந்தவர்களிற் பதினறுவரைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இல் சிறைப்பிடித்தனர். அப்பொழுது நொக்சுக்கு வயது பத்தொன்பது. தந்தை மறு ஆண்டே மறைந்தார். மகன் மலைநாட்டுச் சிற்றூர்களிற் பத்தொன்பதரை ஆண்டுகள் கழித்தான். இருப்பதற்கு வீடும் உழைப்பதற்குத் தொழிலும் இருந்தன. நாட்டை விட்டு நீங்கும் உரிமை மட்டும் இல்லை.

தப்பிச் செல்ல எண்ணியவன் தேர்ந்த திசை வடக்கு. தோழன் ஸ்ரீவன் இறற்லண்டுடன் மிளகு, உள்ளி, புகையிலை, சீப்பு, இரும்புப் பொருள் ஆகியவற்றைச் சுமந்து, வணிகனைப் போல வடபுல ஊர்களிற் பலமுறை திரிந்தான். விற்பது வெளித்தோற்றம், வழியறிவதே உட்கருத்து. ஆயினும் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தமையால் அவன் எண்ணம் நிறைவேறவில்லை. கிணறுகள் வற்றின; வயல்கள் உழப்படாது கிடந்தன. ஊருக்குள்ளேயே குடிநீர் அரிதாயிருக்கையில், காட்டினுள் புகுந்தால் தாகத்தால் மடிய நேரும் என்று இருவரும் அஞ்சித் திரும்பினர். அவ்வாண்டுகளில் தாம் வாழ்ந்த மலைநாட்டில் மழைக்குக் குறைவில்லை என்பதையும் நொக்ஸ் குறித்துள்ளான்.

ஒரே தீவில் இவ்வேற்றுமை ஏன்? சோளகக் காற்றுக் கொணரும் மழை மேற்குக் கரையிலும் மலைச்சரிவிலும் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. மலையைக் கடந்து வன்னிக்கு வருங்கால் அது ஈரமற்ற வெப்பக் காற்றாகவே வருகின்றது. ஆகையால் வைகாசி முதற் புரட்டாசி வரை வன்னி வறண்டு கிடக்கும். ஐப்பசியில் இடியுடன் தொடங்கி, வாடைக் காற்றோடு கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே அந்நிலத்தின் உயிர். அம்மழையைத் தேக்கி வைத்தற்கன்றோ வன்னியெங்கும் குளங்கள் எழுந்தன? அந்த ஒரு மழை தவறுமாயின் அவ்வாண்டு முழுவதும் தவறும்.

இறுதியில் வடபுலம் மழை கண்டது. 1679ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இருவரும் புறப்பட்டனர். அது தேய்பிறையின் கடைசிக் கூறு. காட்டை அடையும்போது நிலவு துணைசெய்ய வேண்டும் என்று கணித்தே அந்நாளைத் தேர்ந்தனர். இடைவழியில் அதிகாரி வினவியபொழுது, உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகக் கூறித் தப்பினர். அனுராதபுரத்தை அடைந்தபின் பெருவழி பாதுகாப்பற்றதெனக் கண்டு, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிச் செல்லத் துணிந்தனர். தமிழர் அருவி ஆறு என வழங்கும் அவ்வாறு, செட்டிகுளப் பகுதியின் தென்புறமாகச் சென்று அரிப்பை அடுத்துக் கடலிற் கலப்பது. அக்டோபர் 12ஆம் நாள், நிலவொளியில் ஆற்றங்கரைப் பயணம் தொடங்கிற்று. இற்றை நாட்காட்டிப்படி அது அக்டோபர் 22. தமிழ் மாதம் ஐப்பசி. நீருக்குப் பஞ்சமில்லாத, ஆயினும் மார்கழிப் பெருவெள்ளம் இன்னும் வாராத இடைக்காலம் அது.

அவர்கள் பொதியில் இருந்தவை யாவை? பத்து நாளுக்குப் போதுமான அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, சமைக்க ஒரு கலம், நீர் முகக்க இரண்டு சுரைக்குடுக்கை, வெல்லமும் பலகாரமும், வெற்றிலையும் புகையிலையும், ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று உதவுமென்று தீமூட்டும் பெட்டிகள் இரண்டு மூன்று, முள் தைக்காதபடி செருப்புச் செய்துகொள்ள ஒரு மான்தோல், நீண்ட தடியிற் பூட்டிய சிறு கோடரியும் இடுப்பிற் கத்தியும். மழைக்கெனக் கொண்டவை தாளிப்பனையின் பேரோலை இரண்டு. விசிறிபோல் மடிக்கத்தக்கது, எடையற்றது, விரித்தால் கூடாரமாவது அவ்வோலை. அதன் கூர்நுனியை முன்வைத்துத் தலையிற் சுமந்து சென்றால் பற்றைக் கிளைகள் தாமே விலகி வழிவிடும். ஐரோப்பாவில் தைத்த கூடாரம் எதுவும் அப்பணியை அவ்வளவு எளிதாகச் செய்திராது.

பொதியில் வீணான பொருள் ஒன்றும் இல்லை என்பதை வழியே மெய்ப்பித்தது. இருளில் யானையொன்று எதிர்நின்று, கூவியும் விலகாதபொழுது, இருவரும் தீமூட்டி அமர்ந்து விடியலை எதிர்நோக்கினர். அவர்கள் கடக்க வேண்டியிருந்த நாடு, கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் முழுதும் அடங்காத வன்னித் தலைவன் ஒருவனுடையது. பனங்காமத்தை ஆண்ட கயிலை வன்னியனே அவன் என்பர் வரலாற்றறிஞர். தம்மைக் கண்டோர் பிடித்துக் கண்டிக்கே அனுப்பிவிடுவர் என அவர்கள் அஞ்சினர். ஆயினும் மரநிழலிற் சோறு சமைத்துக்கொண்டிருந்த அந்தணர் இருவரை எதிர்ப்பட்டபொழுது, கைப்பணத்தோடு சிவப்புத் தொப்பியொன்றையும் கத்தியொன்றையும் கொடுத்து வழியறிந்தனர். அக்டோபர் 18ஆம் நாள் மாலை அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நடை ஏழு நாளில் முடிந்தது. உணவோ பத்து நாளுக்கு இருந்தது. அம்மூன்று நாள் உணவே அவர்களின் முன்னறிவுக்கு அளவுகோல்.

1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த நொக்சின் நூல் அவனுக்குப் புகழ் தந்தது. ஆயினும் அப்பொதியிற் பெரும்பாலானவை அவன் பிறந்த நாட்டின் அறிவன்று. ஓலையும் சுரைக்குடுக்கையும் வெல்லமும் இத்தீவின் குடிமக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவை. பத்தொன்பது ஆண்டு அவர்களிடையே வாழ்ந்து கற்றதனாலேயே அவன் பிழைத்தான். தன்னைச் சிறைவைத்த மண்ணே தன்னை மீட்கும் கல்வியையும் அவனுக்கு அளித்தது எனலாம்.

1905இல் நிறைவெய்திய வடக்குப் புகைவண்டிப் பாதையும் பின்வந்த பெருவீதிகளும் வன்னிப் பயணத்தை எளிதாக்கின. ஆயினும் வானத்தின் ஆட்சி மாறவில்லை. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருகிய வெள்ளம், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேட்டுநிலம் நாடுமாறு பல குடும்பங்களைச் செய்தது. எதை எடுப்பது, எதை விடுப்பது என்று எண்ணுவதற்கு அத்தகைய வேளையில் நேரமிராது. அதனை முன்னரே எண்ணி வைத்தவருக்கே பொதி துணையாகும். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அருவி ஆற்றங்கரையில் நடந்த இருவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.