ஒரு பக்கம் ஊமையாகும் ஸ்டீரியோ: வால்பாறையிலிருந்து சில குறிப்புகள்

பழைய ஸ்டீரியோ ரிசீவர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது: "ரெக்கார்டு போட்டா ஒரு பக்கம் மட்டும்தான் பாடுதுங்க." சில நேரம் போன பக்கம் தானாகவே திரும்பி வரும். பத்து நிமிஷத்தில் மறுபடி காணாமல் போகும். வால்பாறையில் உறவினர் வீட்டிலிருக்கும் 1970களின் ஜப்பான் ரிசீவர் ஒன்றில் இதே தொல்லை. அதைத் தேடிப் போனபோது, நம்ம ஊர் வீடுகளில் ஸ்டீரியோ எப்படி நுழைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலித்தடங்களைப் பதியும் முறைக்கு 1931 டிசம்பரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். வேலை பார்த்தது இ.எம்.ஐ. நிறுவனத்தில். பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 டிகிரி சாய்ந்திருக்கும். உள்சுவரில் இடது பக்க ஒலி, வெளிச்சுவரில் வலது பக்க ஒலி. ஊசி ஒன்றுதான், ஆனால் இரண்டு சுவர்களையும் தனித்தனியாகப் படிக்கும். ப்ளம்லைன் 1942-ல் ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்துபோனார். ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்தது 1958-ல்தான்.

நம்ம பக்கம் அது பரவ இன்னும் நாளானது. இந்தியாவில் ஹெச்.எம்.வி. தட்டுகள் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாயின. அந்தக் காலத்து இந்திய எல்.பி. லேபிளில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: இ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. நம் வீடுகளில் அதிகம் புழங்கிய சின்னத் தட்டுகள், அதாவது 1960களின் தமிழ்ப் படப்பாட்டு இ.பி.க்கள், பெரும்பாலும் மோனோ. ரேடியோவும் அப்படித்தான். கோவை நிலையமோ, இலங்கை வானொலியோ, வந்ததெல்லாம் ஒற்றைத் தடம். சென்னையிலேயே எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல்தான் தொடங்கியது.

இதனால் ஒரு வேடிக்கை. மோனோ தட்டில் இரண்டு சுவர்களிலும் ஒரே ஒலி. ஒரு பக்கம் செத்துப்போனாலும் பாட்டு முழுசாகவே கேட்கும், சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருந்த வீடுகளில் இதை யார் கவனிக்கப் போகிறார்கள்? 1978-ல் வந்த 'ப்ரியா' படப்பாடல்களைத் தமிழின் முதல் ஸ்டீரியோ பதிவு என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த மாதிரித் தட்டுகள் வந்த பிறகுதான் இந்தப் பழுது காதில் விழுந்திருக்கும். ஒரு பக்கம் போனால் பாட்டில் பாதி வாத்தியங்கள் போய்விடுமே!

சரி, பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? திறப்பதற்கு முன் இரண்டு சோதனை போதும்.

முதலாவது, மீடியம் வேவ் ரேடியோ. அதன் ஒற்றைத் தடத்தை ரிசீவர் இரண்டு பக்கமும் சமமாக அனுப்பும். நிலையம் கிடைக்காவிட்டாலும் வெறும் இரைச்சலே போதும். அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நின்று ஒலித்தால் வால்யூம், பேலன்ஸ், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் ரிலே எல்லாம் நல்லாயிருக்கிறது. ரேடியோவிலும் ஒரு பக்கம் போய், சத்தத்தைக் கூட்டியதும் திரும்பி வந்தால் ரிலேவையோ ஸ்பீக்கர் சுவிட்சையோ சந்தேகப்படலாம்.

ரேடியோ தேறிவிட்டால் இரண்டாவது சோதனை. ரிசீவரை அணைத்துவிட்டு, ரெக்கார்டு பிளேயரிலிருந்து வரும் இடது வலது ஒயர்களை ரிசீவரின் பின்பக்கம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் குற்றம் பிளேயர் பக்கம்: கார்ட்ரிட்ஜ், ஹெட்ஷெல், ஒயர். மாறவில்லை என்றால் ரிசீவரின் ஃபோனோ பகுதி, அல்லது செலக்டர் சுவிட்ச்.

எங்கள் ரிசீவரில் ரேடியோ தேறியது. ஒயரை மாற்றியதும் ஊமைப் பக்கமும் மாறியது. ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பார்த்தால் நான்கு முனைகளில் ஒன்று கன்னங்கரேல் என்று இருந்தது. கார்ட்ரிட்ஜில் வெள்ளை, நீலம் இடதுக்கு. சிவப்பு, பச்சை வலதுக்கு. கறுத்தது சிவப்பு ஒயருக்கான முனை. சுத்தமாகத் துடைத்து, நான்கு ஒயரையும் கழற்றி மாட்டியதும் சரியாகிவிட்டது.

வால்பாறையில் இது ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது? ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருகிற ஊர். ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. ஈரக்காற்றில் உலோக முனைகளில் மெல்லிய படலம் படியும். வெள்ளிக் கொலுசு கறுக்கிற அதே சங்கதிதான், காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வது. கார்ட்ரிட்ஜிலிருந்து வருவதோ சாதாரணமாக 3 முதல் 5 மில்லிவோல்ட். அவ்வளவு சின்ன மின்னழுத்தத்தால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது. அதனால்தான் ரேடியோ பாடும்போது ரெக்கார்டு மட்டும் தடுமாறுகிறது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், இப்போது பலரும் வீட்டுத் தட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் போன பதிவை, கேட்கிற பக்கத்தையே இரண்டு ஸ்பீக்கருக்கும் நகலெடுத்து ஏற்றிவிட்டால், அடுத்து கேட்பவருக்கு அது பாதிப் பாட்டு என்றே தெரியாது. தட்டு பிறகு உடைந்தோ பூஞ்சை பிடித்தோ போனால் மிச்சம் அதுதான்.

ஆகவே பதிவு தொடங்கும் முன் ஒரு மோனோ இ.பி.யைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஒலிக்கிறதா? ஐந்து நிமிஷம் நிற்கிறதா? அதன் பிறகு ஸ்டீரியோ தட்டை எடுங்கள்.