கழிப்பறைத் தொட்டியும் ஒரு குளம்தான்



இன்றைய வரலாற்றுப் பாடம் கழிப்பறையைப் பற்றியது. சிரிக்காதீர்கள், இது தண்ணீர்க் கணக்கு.

சிவகிரிக்காரர்களுக்குக் குளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரத்துக்கால் வழியே நீர் வரும், மடை வழியே வயலுக்குப் போகும், மிஞ்சியது கலிங்கில் வழியும். பழைய பாண்டிநாட்டுக் குளங்களில் கரைக்குச் சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதுதான் குமிழித் தூம்பு. அடியிலுள்ள துளையை ஓர் அடைப்பு மூடியிருக்கும். மேலிருந்து தண்டைத் தூக்கினால் நீர் பாயும். செய்துகொடுத்தவர் பெயரைத் தூணிலேயே வெட்டிவைத்த கல்வெட்டுகளும் உண்டு. அடைப்பு சரியாக உட்காராவிட்டால் கோடைக்கு முன்பே குளம் வற்றிவிடும்.

ஃப்ளஷ் தொட்டியின் அமைப்பும் இதேதான். மிதவை வால்வு வரத்துக்கால், அடியிலுள்ள ரப்பர் வாஷர் மடை, நடுவில் நிற்கும் வழிகுழாய் கலிங்கு.

1596இல் இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் ஃப்ளஷ் கழிப்பறையை விவரித்து நூல் எழுதினார். 1775இல் கடிகாரத் தொழிலாளி அலெக்சாண்டர் கம்மிங் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய் அவருடைய வடிவமைப்பில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் வீடுகளில் இவை பெருகியபோது, தொட்டியின் அடியடைப்பு ஒழுகி நீர் வீணாவது பெரிய தலைவலியானது. விடையாக வந்தது சைஃபன் தொட்டி. அதன் பெயரே 'நீர் விரயத் தடுப்பான்'. அதில் அடியடைப்பே கிடையாது. குழாயின் வளைவு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். இழுத்தால்தான் நீர் வளைவைத் தாண்டும், காற்று புகுந்ததும் நின்றுவிடும். அரசுக் கட்டடங்களில் உயரத்தில் தொங்கிய சங்கிலி வைத்த இரும்புத் தொட்டி நினைவிருக்கிறதா? அந்த வம்சம்தான். சத்தம் ஊரைக் கூட்டும், ஆனால் அடிவழியாக ஒழுகாது.

பிரிட்டன் 2001 வரை சைஃபனை விடவில்லை. அதன்பின் அங்கும் அடைப்பு வகைத் தொட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது, பழைய ஒழுகலும் திரும்பி வந்தது. நம் வீடுகளில் இன்று இருக்கும் பொத்தான் தொட்டிகளும் அடைப்பு வகைதான். போர்வெல் உப்புநீரில் ரப்பர் இறுகிவிடும், உப்பும் படியும்.

சென்ற மாதம் எங்கள் வீட்டு மேல்தொட்டி காலையில் நிரப்பினால் மாலைக்குள் இறங்கியது. தரையில் ஈரம் இல்லை, குழாய்களும் சொட்டவில்லை. ஃப்ளஷ் தொட்டியில் சொட்டுநீலம் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். யாரும் அழுத்தாமலேயே பீங்கானில் நீலம் இறங்கியது.

அடுத்து, மடையா கலிங்கா என்று பார்க்க வேண்டும். தொட்டிக்குள் நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, வரும் குழாயை மூடினேன். அரைமணியில் மட்டம் கோட்டுக்குக் கீழே போனது. அப்படியென்றால் பழுது மடையில். மட்டம் இறங்காமல், குழாயைத் திறந்தபின் வழிகுழாயின் வாய்வரை நீர் ஏறினால் மிதவையைத் தாழ்த்த வேண்டும். வாஷரைக் கழற்றினேன், ஓரம் கல்லாகியிருந்தது. அது உட்காரும் இடத்தைத் துடைத்துப் புது வாஷர் போட்டதும் ஒழுகல் நின்றது.

நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி ஒழுகினால் ஒரு நாளைக்கு 288 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 19 குடம்! இடுப்பில் குடம் சுமந்த நம் தாய்மார்களுக்கு அந்தப் பாரம் தெரியும்.

இன்றிரவு படுக்கப்போகுமுன் உங்கள் வீட்டுத் தொட்டியில் நான்கு சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். காலையில் என்ன நிறம் கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.