நாற்சந்தி விளக்கின் கதை

நகரத்து நாற்சந்தியில் சிவப்பு விளக்கின் எதிரே நிற்கும்போது நம்மில் பலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த ஒரு நிமிஷம் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே மனம் எண்ணுகிறது. உண்மையில் அது பறிக்கப்பட்டதன்று. குறுக்குத் தெருவில் வருவோருக்கு நாம் கொடுத்தது. அடுத்த நிமிஷம் அவர்கள் நமக்குக் கொடுக்கிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்த மனிதன் கண்ட கருவியே போக்குவரத்து விளக்கு. அதன் வரலாறு சுவையானது, சிந்திக்கத் தூண்டுவதுங்கூட.

மோட்டார் வண்டி தெருவுக்கு வருமுன்பே விளக்கு வந்துவிட்டது என்றால் வியப்பாயிருக்கும். 1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், குதிரை வண்டிகள் நெருங்கி ஓடிய லண்டன் நகரில், பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே அது நிறுவப்பட்டது. ஜே. பி. நைட் என்னும் ரயில்வேப் பொறியியலார், இருப்புப்பாதைக் கைகாட்டியையே தெருவுக்குக் கொண்டுவந்தார். பகலில் கை நேராக நீண்டால் நிற்க வேண்டும். தாழ்ந்தால் எச்சரிக்கையுடன் செல்லலாம். இரவில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்குகள் எரிந்தன. மறு மாதமே வாயு கசிந்து விளக்கு வெடித்தது. அதனை இயக்கிய காவலர் காயமுற்றார். சாதனம் பின்னர் அகற்றப்பட்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. 1914 ஆகஸ்டு 5ஆம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சார விளக்கு எரிந்தது. சிவப்பு, பச்சை என்னும் இரண்டே நிறங்கள்; நிறம் மாறுமுன் ஓர் ஒலி எழுந்து எச்சரிக்கும். ஆனால், விரைந்து வரும் வண்டி நினைத்த இடத்தில் நின்றுவிடுமா? இந்த இக்கட்டை உணர்ந்தவர் டெட்ராயிட் நகரக் காவல் அதிகாரி வில்லியம் பாட்ஸ். அவர் 1920இல் மஞ்சள் நிறத்தையும் சேர்த்து, நான்கு திசைக்கும் முகங்காட்டும் விளக்கை அமைத்தார். 1923இல் கிளீவ்லாந்துவாசியான கார்ரெட் மார்கன் தமது கைகாட்டிக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இவர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோரின் மகன். அவருடைய கருவியில் எல்லாத் திசை வண்டிகளையும் ஒருங்கே நிறுத்தும் நிலையும் இருந்தது. அவ்வேளையில் நடந்து செல்வோர் அச்சமின்றித் தெருவைக் கடக்கலாம்.

இனி, விளக்குக்குக் காதும் உணர்வும் வாய்த்த கதை. 1928இல் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் என்பவர், வண்டி ஹாரன் ஒலித்தால் பச்சைக்கு மாறும் விளக்கை நிறுவினார். 1932இல் லண்டனில், சாலையில் பதித்த ரப்பர்க் குழாயின் மீது சக்கரம் ஏறும்போது எழும் காற்றழுத்தத்தால் வண்டியின் வருகையை அறியும் விளக்கு வந்தது. பிற்காலத்தில் தார்ச்சாலையின் கீழே கம்பிச் சுருள் புதைத்து, மேலே செல்லும் உலோகத்தை மின்காந்த முறையில் அறிந்தார்கள்.

வண்டியை அறிந்தால் மட்டும் போதுமா? எவ்வளவு நேரம் பச்சை காட்டுவது? நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் வீணாகின்றன: நின்ற வண்டி புறப்பட வேண்டும், நடுவிலுள்ளது வெளியேற வேண்டும். அடிக்கடி மாற்றினால் வீண் மிகும். மாற்றாதிருந்தால் காத்திருப்பு நீளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டு, 1958இல் பிரிட்டனைச் சேர்ந்த வெப்ஸ்டர் என்பவர் ஒரு சூத்திரம் வெளியிட்டார். 1960களில் கனடாவின் டொரான்டோ நகரம் கணிப்பொறியின் பொறுப்பில் விளக்குகளை ஒப்படைத்தது. 1970களில், போக்குவரத்துக்கேற்பத் தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளும் முறைகள் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உருவாயின.

இம்முறைகள் கோடு தவறாமல் செல்லும் கார்களுக்கென அமைந்தவை. நம் நாட்டிலோ பஸ், லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர், சைக்கிள் யாவும் கிடைத்த இடத்தை நிரப்பிச் செல்கின்றன. ஆகவே திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனத்தார் நம் சாலைகளுக்கென ஒரு முறையை வகுத்தனர். மும்பை, பெங்களூரு முதலிய நகரங்களில் கட்டுப்பாட்டு நிலையங்களும் காமிராக்களும் வந்துள்ளன. மும்பைக் காவல் துறையினர் ஒரு வேடிக்கையும் செய்தனர். ஹாரன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்னும் அச்சோதனை, 2020இன் தொடக்கத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. பால்டிமோரில் பச்சையைப் பெற்றுத் தந்த அதே ஒலி, மும்பையில் சிவப்பை நீட்டித்தது!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கருவி, எண்ணச் சொன்னதையே எண்ணும். ஐம்பது பேரைச் சுமந்து வரும் பஸ்ஸை இரண்டு மூன்று கார்களுக்குச் சமமாகக் கொள்வது பொறியியல் வழக்கம். அது சாலையில் அடைக்கும் இடமே கணக்கு, ஆட்கள் அல்லர். உலோகம் ஏதும் ஏந்தாமல் ஓரத்தில் நிற்கும் முதியவரோ, புத்தகப் பையுடன் நிற்கும் சிறுமியோ, சாலையடியிலுள்ள கம்பிச் சுருளுக்குப் புலப்படவே மாட்டார்கள். அவர்களுக்கும் உரிய விநாடிகளை ஒதுக்குதல் கணிப்பொறி தானே செய்யும் முடிவன்று. அதற்குக் கட்டளையிடும் நாம் செய்ய வேண்டியது.

நூறாண்டுக்கு முன் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, நடப்பவருக்கு வழிவிட எண்ணினார் மார்கன். அவருடைய கருவி எளியது, கையால் இயக்குவது. அதில் அடங்கிய நீதி மட்டும் நம் புதிய கருவிகளிலும் இடம்பெறுமானால், சிவப்பின் முன் நாம் நிற்கும் அந்த ஒரு நிமிஷம் நல்ல செலவேயாகும்.